சிவந்த தாடிப் பேரரசரும் போப் மூன்றாம் அலெக்சாண்டரும்

1122-ஆம் ஆண்டு வோர்ம்ஸ் நகரில் போப் இரண்டாம் கலிக்ஸ்டசும் பேரரசர் ஐந்தாம் ஹென்றியும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆயர்களை நியமிப்பது யார் என்ற அரை நூற்றாண்டுச் சண்டையை ஒருவாறு ஓயவைத்தது. ஆயருக்குரிய மோதிரத்தையும் கோலையும் திருச்சபை வழங்கும்; நிலம், சுங்கம், நீதிமன்றம் போன்ற உலகியல் அதிகாரங்களுக்கு அடையாளமான செங்கோலை மன்னர் வழங்குவார். ஜெர்மனியில் ஆயர் என்பவர் பூசை செய்பவர் மட்டுமல்லர். கோட்டை, படை, நாணயசாலை எல்லாம் உடைய பெரும் நிலக்கிழார். எனவே அந்தச் சமரசம் இரு தரப்புக்கும் தேவைப்பட்டது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வியை வோர்ம்ஸ் தொடவே இல்லை. ஜெர்மன் மன்னர் பேரரசர் ஆக வேண்டுமானால் போப்பின் கையால் முடிசூட்டிக்கொள்ள வேண்டும். போப் ரோமில் நிம்மதியாக இருக்க வேண்டுமானால் பேரரசரின் வாள் துணை நிற்க வேண்டும். அப்படியானால் யாருக்கு யார் கட்டுப்பட்டவர்? பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே சுழன்றது.

1152 மார்ச் 4 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய ஜெர்மன் பிரபுக்கள், ஸ்வாபியாவின் கோமகன் ஃபிரெடரிக்கை மன்னராகத் தேர்ந்தெடுத்தனர். ஐந்து நாள் கழித்து ஆஹன் நகரில் முடிசூட்டு விழா நடந்தது. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. தந்தை வழியில் ஸ்டாஃபர் குடும்பம், தாய் வழியில் வெல்ஃப் குடும்பம். தீராப் பகை கொண்டிருந்த இரண்டு வீடுகளுக்கும் சொந்தக்காரர் என்பதே அவர் தேர்வுக்குப் பாதிக் காரணம். அவருடைய தாடியின் நிறத்தைப் பார்த்து இத்தாலியர் 'பார்பரோசா', அதாவது சிவந்த தாடிக்காரர், என்று அழைத்தனர். வரலாற்றில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அன்றைய ரோம் போப்பின் கையில் இல்லை. 1143-இல் நகர மக்கள் கிளர்ந்தெழுந்து, பழைய ரோமானியக் குடியரசின் நினைவாக ஒரு செனட் சபையை நிறுவியிருந்தனர். அவர்களுக்குக் குரலாக நின்றவர் பிரேசியா நகரத்து அர்னால்ட் என்னும் துறவி. குருமார் சொத்து வைத்திருக்கக் கூடாது, போப்புக்கு நாடாளும் வேலை இல்லை என்பது அவர் போதனை. தெற்கே சிசிலியில் நார்மன் மன்னர்கள் போப்பை நெருக்கிக்கொண்டிருந்தனர். ஆகவே 1153-இல் போப் மூன்றாம் யூஜின், கான்ஸ்டன்ஸ் நகரில் ஃபிரெடரிக்குடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். ரோமானியக் கலகக்காரர்களோடும் நார்மன்களோடும் மன்னர் தனியாகச் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. போப் அவருக்குப் பேரரசர் முடியைச் சூட்டுவார். ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்க யூஜின் உயிரோடில்லை. 1154 டிசம்பரில் போப் ஆனவர் நான்காம் ஏட்ரியன். இயற்பெயர் நிக்கோலஸ் பிரேக்ஸ்பியர். இன்றுவரை போப் பதவிக்கு வந்த ஒரே ஆங்கிலேயர் அவர்தான்.

1155-இல் ஃபிரெடரிக் இத்தாலிக்கு வந்தார். ஏட்ரியன் ரோம் நகரில் வழிபாடுகளையே நிறுத்திவைத்து அர்னால்டை வெளியேற்றியிருந்தார். ஃபிரெடரிக்கின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கொடுத்தனர். அர்னால்டைத் தூக்கிலிட்டு, உடலை எரித்து, சாம்பலை டைபர் ஆற்றில் கரைத்தார்கள். எலும்பு எதுவும் மிஞ்சினால் மக்கள் அதைப் புனிதச் சின்னமாக வைத்து வணங்கிவிடுவார்கள் என்ற பயம்.

போப்பும் மன்னரும் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தது ஜூன் மாதம் சூத்ரி என்ற இடத்தில். முறைப்படி மன்னர் நடந்து சென்று போப்பின் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்து நடத்தி, அவர் இறங்கும்போது அங்கவடியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஃபிரெடரிக் அதைச் செய்யவில்லை. பதிலுக்கு ஏட்ரியன் அவருக்குச் சமாதான முத்தம் தர மறுத்தார். பழைய பழக்கம் என்ன என்று முதியவர்களை விசாரித்த பிறகே மன்னர் இறங்கி வந்தார். வேறோர் இடத்தில் சந்திப்பை மறுபடி நடத்திச் சடங்கை நிறைவேற்றினார்கள். இதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே இருந்த அந்தச் சமூகத்தில், ஆயிரம் பேர் கண்முன் செய்யும் ஒரு சடங்கு பத்திரத்தில் இடும் கையெழுத்துக்குச் சமம். அங்கவடியைப் பிடிப்பது ஓர் ஆண்டைக்கு அவருடைய ஆள் செய்யும் வேலை. மன்னர் அதைச் செய்தால், போப்பிடமிருந்து நாட்டை மானியமாகப் பெற்றவர் என்று நாளைக்கே சொல்லிவிடலாம்.

ஜூன் 18 அன்று புனித பேதுரு பேராலயத்தில் ஃபிரெடரிக் பேரரசராக முடிசூடினார். தங்களைக் கேட்காமல் நடந்த விழா என்று ரோம் மக்கள் ஆத்திரத்தோடு பாய்ந்தனர். மாலை வரை தெருச் சண்டை நடந்தது. படை சோர்ந்து, கோடை வெயிலும் ஏற, பேரரசர் ரோமைப் போப்புக்கு மீட்டுத் தராமலே ஜெர்மனிக்குத் திரும்பினார். கைவிடப்பட்ட ஏட்ரியன் அடுத்த ஆண்டே பெனவென்டோ நகரில் சிசிலி மன்னர் வில்லியமுடன் சமாதானம் செய்துகொண்டார். கான்ஸ்டன்ஸ் ஒப்பந்தத்தை முதலில் மீறியது யார் என்பதில் இரு தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பெனவென்டோ சமாதானத்தைப் பேசி முடித்தவர்களில் ஒருவர் சியன்னா நகரத்துக் கார்டினல் ரோலண்ட் பாண்டினெல்லி. போப்பின் தலைமைச் செயலர்.

அதே ரோலண்ட் 1157 அக்டோபரில் பர்கண்டியிலுள்ள பெசான்சோன் நகருக்குத் தூதராக வந்தார். ஃபிரெடரிக் அங்கே பெரும் அவை கூட்டியிருந்தார். முந்திய ஆண்டு பர்கண்டி நாட்டு பியாட்ரிஸை மணந்ததால் கிடைத்த புதிய சீமை அது. ரோலண்ட் கொண்டுவந்த கடிதத்தில் ஒரு புகார் இருந்தது. லுண்ட் நகரத்துப் பேராயர் எஸ்கில், ரோமிலிருந்து டென்மார்க் திரும்பும் வழியில் பேரரசரின் எல்லைக்குள் கொள்ளைக்காரர்களிடம் சிக்கியிருந்தார். அவரை மீட்கப் பேரரசர் விரலைக்கூட அசைக்கவில்லை. இவ்வளவு செய்த திருச்சபையிடம் இப்படி நடக்கலாமா என்று கேட்ட போப், தாம் அளித்த முடியைப் பற்றிப் பேசுகையில் 'பெனெஃபிகியம்' என்ற லத்தீன் சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். அந்தச் சொல்லுக்கு நன்மை என்றும் பொருள் உண்டு. பிரபு தன் ஆளுக்குத் தரும் நில மானியம் என்றும் பொருள் உண்டு.

கடிதத்தை அவைக்கு ஜெர்மன் மொழியில் சொன்னவர் பேரரசரின் தலைமைச் செயலர் டாசெல் ரைனால்ட். கூர்மையான அறிவும் போப்பின் மீது கொஞ்சமும் பயமில்லாத நெஞ்சும் உடையவர். அவர் இரண்டாவது பொருளையே எடுத்துச் சொன்னார். அவை கொந்தளித்தது. தூதர்களில் ஒருவர், போப்பிடமிருந்து இல்லையென்றால் வேறு யாரிடமிருந்து பேரரசர் முடியைப் பெற்றார் என்று கேட்டு எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தார். விட்டெல்ஸ்பாக் குடும்பத்து ஓட்டோ வாளை உருவிக்கொண்டு அவர் கழுத்துக்கே போனார். ஃபிரெடரிக் நடுவில் புகுந்து தடுக்காவிட்டால் அன்றைக்கு ஒரு கார்டினலின் தலை உருண்டிருக்கும். தூதர்களின் பைகளைச் சோதித்து, மறுநாள் விடிந்ததும் வந்த வழியே திரும்புமாறு உத்தரவிட்டார்கள். ஜெர்மன் ஆயர்களும் பேரரசர் பக்கமே நின்றதைக் கண்ட ஏட்ரியன், நன்மை என்ற பொருளில்தான் எழுதினேன் என்று அடுத்த ஆண்டு விளக்கக் கடிதம் அனுப்பினார். புண் ஆறியதாகத் தோன்றியது. உள்ளே சீழ் இருந்தது.

இதுவரை சண்டை மரியாதையைப் பற்றியது. இனி அது பணத்தைப் பற்றியதாகிறது. வட இத்தாலியின் லொம்பார்டிச் சமவெளி அன்றைய ஐரோப்பாவின் செல்வம் கொழித்த பகுதிகளுள் ஒன்று. மிலான், பாவியா, கிரெமோனா, பியாசென்சா போன்ற நகரங்கள் தங்கள் ஆயர்களின் பிடியிலிருந்து நழுவி, 'கான்சல்' எனப்படும் ஆட்சியாளர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு, சுங்கமும் வரியும் வாங்கிக்கொண்டிருந்தன. சட்டப்படி எல்லாம் பேரரசருடைய நிலம். நடைமுறையில் ஒரு காசும் அவருக்கு வந்ததில்லை. ஜெர்மனியில் கோமகன்களைத் திருப்திப்படுத்தவே நிலங்களைக் கொடுத்துக் கொடுத்துக் கைவறண்டிருந்த ஃபிரெடரிக்குக்கு லொம்பார்டி கண்ணை உறுத்தியதில் வியப்பில்லை.

1158-இல் பெரும்படையோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து மிலானைப் பணியவைத்தார். நவம்பரில் ரொன்காலியா சமவெளியில் கூடிய அவைக்குப் பொலோன்யாவின் புகழ்பெற்ற நான்கு சட்ட அறிஞர்களை வரவழைத்தார்: புல்காருஸ், மார்டினுஸ், யாகோபுஸ், ஹூகோ. பேரரசருக்குரிய உரிமைகள் எவை என்பதை ரோமானியச் சட்டத்தின் துணையோடு அவர்கள் வகுத்துக் கொடுத்தனர். சாலை, படகுபோகும் ஆறு, துறைமுகம், சுங்கம், நாணயம் அச்சிடல், ஆலைகள், மீன்பிடிப்பு, உப்பளம், அபராதத் தொகை, அதிகாரிகளை நியமித்தல் என்று பட்டியல் நீண்டது. பத்திரம் காட்ட முடியாத நகரங்கள் இவற்றைத் திருப்பித் தர வேண்டும். இதன்மூலம் ஆண்டுக்கு முப்பதாயிரம் பவுண்டு வருமானம் கிடைக்குமென்று பேரரசர் தரப்பு வரலாற்றாசிரியர் ராஹெவின் கணக்குச் சொல்கிறார். தொகை மிகைப்பட்டதாக இருக்கலாம், ஆசை மிகையில்லை.

பேரரசர் அனுப்பிய அதிகாரிகளை மிலான் விரட்டியடித்தது. அதன் தோழமை நகரமான கிரெமாவை 1159 கோடையில் பேரரசர் முற்றுகையிட்டார். தம்மிடமிருந்த பிணைக்கைதிகளை முற்றுகைக் கோபுரத்தின் முன்புறம் கட்டித் தொங்கவிட்டு மதிலை நோக்கி நகர்த்தினார். சொந்தப் பிள்ளைகள் மீது கல்லெறிய மாட்டார்கள் என்பது கணக்கு. உள்ளே இருந்தவர்கள் எறிந்தார்கள்.

முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 1 அன்று ஏட்ரியன் அனான்யி நகரில் காலமானார். லொம்பார்டிய நகரங்களுடன் கைகோத்து, ஃபிரெடரிக்கைத் திருச்சபையிலிருந்து விலக்கும் அறிவிப்பை வெளியிட அவர் ஆயத்தமாகியிருந்த நேரம். கார்டினல்கள் இரண்டு பிரிவாக நின்றனர்: சிசிலியோடு நட்பை விரும்பிய பெரும்பான்மை, பேரரசரோடு நட்பை விரும்பிய சிறு குழு. செப்டம்பர் 7 அன்று புனித பேதுரு பேராலயத்தில் பெரும்பான்மையினர் ரோலண்டைத் தேர்ந்தெடுத்தனர். மூன்றாம் அலெக்சாண்டர் என்ற பெயர் கொண்டார். பெசான்சோனுக்கு அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தவர் போப் ஆவதைப் பேரரசர் தரப்பு எப்படி ஏற்கும்? சிறு குழு ஒக்டாவியன் என்ற ரோமானியப் பிரபு குலத்துக் கார்டினலை நிறுத்தியது.

அடுத்து நடந்ததை அலெக்சாண்டர் தரப்பினர் நுணுக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். எதிரியைப் பற்றி எழுதியது என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். போப்புக்குரிய செந்நிற மேலங்கியை ரோலண்டின் தோளில் போர்த்தும் தருணத்தில் ஒக்டாவியன் பாய்ந்து அதைப் பிடுங்கினார். அங்கிருந்த செனட்டர் ஒருவர் அதை அவர் கையிலிருந்து பறித்தார். ஒக்டாவியனின் குரு முன்யோசனையோடு இன்னொரு மேலங்கி கொண்டுவந்திருந்தார். அவசரத்தில் போர்த்தியபோது கீழ் விளிம்பு கழுத்துக்கு வந்து, கழுத்துப் பகுதி காலடியில் புரண்டது. கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்குள் கதவுகள் திறந்து ஆயுதம் தாங்கிய ஆட்கள் உள்ளே வர, ரோலண்டும் அவருடைய கார்டினல்களும் பேராலயத்தையொட்டிய கோட்டைக்குள் ஒதுங்கினர். ஒக்டாவியன் நான்காம் விக்டர் ஆனார். செப்டம்பர் 20 அன்று நின்ஃபாவில் அலெக்சாண்டருக்கும், அக்டோபர் 4 அன்று ஃபார்ஃபா மடத்தில் விக்டருக்கும் திருநிலைப்பாடு நடந்தது. திருச்சபைக்கு இரண்டு தலை.

யார் உண்மையான போப் என்று தீர்மானிக்கத் தெளிவான விதி இல்லாததுதான் சிக்கலின் வேர். வாக்கு எண்ணிக்கை மட்டும் போதாது, 'பெரும்பான்மையும் தகுதி மிக்கதுமான பகுதி' எதுவோ அதன் தேர்வே செல்லும் என்பது அன்றைய மரபு. அலெக்சாண்டர் பக்கம் எண்ணிக்கை இருந்தது. தகுதி எங்கள் பக்கம் என்று விக்டர் தரப்பு வாதாடியது. தகுதியை அளக்கும் கோல் யாரிடமும் இல்லை.

பழைய ரோமானியப் பேரரசர்களைப் போலத் திருச்சபை மன்றத்தைக் கூட்டும் அதிகாரம் தமக்குண்டு என்று ஃபிரெடரிக் 1160 பிப்ரவரியில் பாவியாவில் மன்றம் கூட்டி இருவரையும் அழைத்தார். போப்பை விசாரிக்க மண்ணில் யாருக்கும் உரிமையில்லை என்று அலெக்சாண்டர் வர மறுத்தார். அழைப்பிலேயே அவரைப் பழைய பதவிப்பெயரால் குறித்திருந்தது இன்னொரு அவமதிப்பு. மன்றம் விக்டரை ஏற்றது. மார்ச் மாதம் அலெக்சாண்டர் ஃபிரெடரிக்கைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குச் செய்த விசுவாசப் பிரமாணத்திலிருந்து அவர்களை விடுவித்தார். அதே ஆண்டு இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியும் பிரான்சின் ஏழாம் லூயியும் அலெக்சாண்டரை ஏற்றனர். நாடுகளுக்கெல்லாம் நீதிபதியாக ஜெர்மானியரை நியமித்தது யார் என்று ஆங்கில அறிஞர் ஜான் ஆஃப் சாலிஸ்பரி கோபமாகக் கேட்டு எழுதினார். ஜெர்மனிக்கு வெளியே பெரும்பாலோரின் எண்ணமும் அதுவே.

மிலான் 1162 மார்ச் மாதம் பசியால் வீழ்ந்தது. லோடி நகரில் அமர்ந்திருந்த பேரரசர் முன் முதலில் கான்சல்களும், பிறகு முந்நூறு வீரர்களும், கடைசியில் பொதுமக்களும் கையில் சிலுவை ஏந்தி வந்தனர். நகரின் உயிர்போன்ற 'கர்ரோச்சியோ' என்ற மாட்டுவண்டியைக் கொண்டுவந்தனர். நடுவில் உயர்ந்த கம்பம், அதன் உச்சியில் சிலுவை, புனித அம்புரோஸின் கொடி. போர்க்களத்தில் மிலான் படை அதைச் சுற்றித்தான் நிற்கும். எக்காளம் கடைசி முறையாக ஊதப்பட, கம்பம் பேரரசர் காலடியில் தாழ்த்தப்பட்டது. அரசி பியாட்ரிஸைப் பார்க்க அனுமதி கிடைக்காத மக்கள், தங்கள் சிலுவைகளை அவருடைய அறைச் சாளரத்தின் வழியே எறிந்தனர் என்கிறது பேரரசரின் எழுத்தர் ஒருவர் எழுதிய கடிதம்.

உயிர்ப்பிச்சை கிடைத்தது, நகரம் தப்பவில்லை. மக்களை வெளியேற்றிச் சுற்றுப்புறத்தில் நான்கு குடியிருப்புகளில் வைத்தார்கள். இடிக்கும் வேலையை மிலானின் பக்கத்து ஊர்களே பங்கு போட்டுக்கொண்டன: கிழக்கு வாயில் பகுதி லோடிக்கு, ரோமன் வாயில் கிரெமோனாவுக்கு, டிச்சினோ வாயில் பாவியாவுக்கு, கோமோ வாயில் கோமோவுக்கு. 1111-இல் லோடியையும் 1127-இல் கோமோவையும் தரைமட்டமாக்கியது இதே மிலான்தான். பேரரசரின் ஆணையைவிடப் பழைய பகை நன்றாக வேலை செய்தது. குழந்தை இயேசுவைக் காணவந்த ஞானியர் மூவருடையவை என்று மிலானில் போற்றப்பட்ட எலும்புகளை ரைனால்ட் 1164-இல் கொலோன் நகருக்குக் கொண்டுபோனார். இன்றும் அந்நகரப் பேராலயத்தின் பொற்பேழையில் இருப்பதாகப் போற்றப்படுபவை அவைதான்.

அலெக்சாண்டர் பிரான்சில் அடைக்கலம் புகுந்து சான்ஸ் நகரில் தங்கினார். 1164 ஏப்ரலில் விக்டர் லூக்காவில் இறந்தபோது பிளவு தானாகவே முடிந்திருக்கும். ஆனால் ரைனால்ட் பேரரசரின் பதிலுக்குக்கூடக் காத்திராமல் கிரெமா நகரத்துக் குய்டோவை மூன்றாம் பாஸ்கல் என்று போப்பாக்கிவிட்டார். ஃபிரெடரிக் தம் அமைச்சரின் வேகத்துக்குப் பின்னால் இழுபட்டுப் போனதுதான் இந்தக் கட்டத்தின் பெரும் பிழை என்று சொல்லலாம். அதே ஆண்டு நவம்பரில் கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட், இங்கிலாந்து மன்னரின் கோபத்துக்குத் தப்பிப் பிரான்சுக்கு ஓடிவந்தார். குருமாரைத் தண்டிக்கும் உரிமை அரசனுக்கா திருச்சபைக்கா என்பது அங்கே வழக்கு. பெக்கெட்டை முழுமூச்சாக ஆதரித்தால் ஹென்றி பாஸ்கல் பக்கம் தாவிவிடுவார். கைவிட்டால் திருச்சபையின் மானம் போகும். அலெக்சாண்டர் ஆறு ஆண்டுகள் இழுத்தடித்தார். பயம் காரணமில்லாததன்று: 1165-இல் வூர்ட்ஸ்பர்க் அவையில், அலெக்சாண்டரை ஒருபோதும் ஏற்பதில்லை என்று ஃபிரெடரிக்கும் பிரபுக்களும் சத்தியம் செய்தபோது ஆங்கிலத் தூதர்களும் அதில் சேர்ந்துகொண்டனர். மைன்ஸ் நகரத்துப் பேராயர் கொன்ராட் மட்டும் சத்தியம் செய்யாமல் அலெக்சாண்டரிடம் ஓடிப்போனார். பெசான்சோனில் வாளுருவிய ஓட்டோவின் உடன்பிறந்தவர் அவர். ஆண்டிறுதியில் ஆஹனில் பழம்பெரும் பேரரசர் சார்லிமேன் புனிதராக அறிவிக்கப்பட்டார். பேரரசுக்குப் புனிதம் ரோமிலிருந்து வரத் தேவையில்லை என்று காட்டும் ஏற்பாடு.

1167 கோடையில் ஃபிரெடரிக்கின் அதிகாரம் உச்சியைத் தொட்டது. மே மாதம், இதற்குள் கொலோன் பேராயராகியிருந்த ரைனால்டும் மைன்ஸின் புதிய பேராயர் கிறிஸ்டியனும் டஸ்குலம் அருகே ரோமானியப் படையைச் சிதறடித்தனர். பேராயர்கள் படை நடத்துவதில் அன்று யாருக்கும் வியப்பில்லை. ஜூலை இறுதியில் புனித பேதுரு பேராலயம் தாக்கிப் பிடிக்கப்பட்டு, பாஸ்கல் அங்கே அமர்த்தப்பட்டார். ஆகஸ்ட் 1 அன்று பியாட்ரிஸுக்கு முடிசூட்டு. அலெக்சாண்டர் யாத்திரிகர் வேடத்தில் தப்பிப் பெனவென்டோவுக்குப் போய்விட்டார்.

அடுத்த சில நாள்களில் பெருமழை கொட்டியது. பின்னாலேயே கொளுத்தும் வெயில். படைமுகாமில் கொள்ளைநோய் பரவியது. அது சீதபேதியா, மலேரியாவா என்று இன்றும் வாதிக்கிறார்கள். காலையில் குதிரையேறியவர் மாலையில் பிணம். ஆகஸ்ட் 14 அன்று ரைனால்ட் இறந்தார். பேரரசரின் உறவினரான ரோட்டன்பர்க் ஃபிரெடரிக், வெல்ஃப் குடும்பத்து இளம் வாரிசு ஏழாம் வெல்ஃப், பல ஆயர்கள், பேரரசரின் புகழை எழுதிவந்த லோடி நகரத்து அசெர்புஸ் மொரேனா என்று பட்டியல் நீளும். அசீரிய மன்னன் சனகெரிப்பின் படையைக் கடவுளின் தூதன் ஒரே இரவில் வீழ்த்தியதாகப் பழைய ஏற்பாடு கூறுவதை அலெக்சாண்டரின் ஆதரவாளர்கள் கடிதங்களில் நினைவூட்டினார்கள். புனித பேதுரு ஆலயத்தில் வாளோடு நுழைந்ததற்குத் தண்டனை என்பதை ஜெர்மனியிலும் பலர் நம்பினார்கள்.

இதற்குள் லொம்பார்டி கையைவிட்டுப் போயிருந்தது. பேரரசரின் அதிகாரிகள் வசூலித்த வரி, மிலானை வெறுத்த நகரங்களையே மிலானின் நண்பர்களாக்கிவிட்டது. மிலானின் ரோமன் வாயிலை இடித்த கிரெமோனாவே 1167 வசந்தத்தில் கூட்டணியை முன்னின்று அமைத்தது. ஏப்ரல் இறுதியில் மிலான் மக்களைக் கூட்டணிப் படைகள் பாதுகாப்போடு ஊருக்குத் திரும்ப அழைத்துச் சென்றன. டிசம்பருக்குள் வெனிஸ் முதல் பொலோன்யா வரை பதினாறு நகரங்கள் லொம்பார்டியக் கூட்டணியில் இருந்தன. சிசிலியும் பைசாந்தியப் பேரரசர் மானுவேலும் இந்தப் பக்கத்துக்குப் பணம் கொடுத்தார்கள். 1168-இல் ஃபிரெடரிக் வேலைக்காரர் வேடத்தில் சூசா வழியாகத் தப்பிச் செல்ல வேண்டியிருந்தது. அவர் போன கையோடு கூட்டணி, பாவியாவுக்குத் தென்மேற்கே சதுப்பு நிலத்தில் ஒரு புதுக் கோட்டைநகரத்தை எழுப்பி, போப்பின் பெயரால் அலெஸாண்ட்ரியா என்று அழைத்தது. கூரைகள் வைக்கோலால் ஆனதால் 'வைக்கோல் நகரம்' என்று பேரரசர் தரப்பு கேலி செய்தது.

ஆறு ஆண்டுகள் ஃபிரெடரிக் இத்தாலிப் பக்கம் வரவில்லை. பாஸ்கல் இறந்து மூன்றாம் கலிக்ஸ்டஸ் என்ற மூன்றாவது எதிர்ப் போப் வந்தும் யாரும் பொருட்படுத்தவில்லை. 1170 டிசம்பர் 29 அன்று கான்டர்பரி பேராலயத்திலேயே பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டார். 1172-இல் அவ்ரான்ஷ் நகரில் ஹென்றி மன்னிப்புக் கேட்க, ஆங்கிலக் கவலை போப்புக்குத் தீர்ந்தது. 1174-இல் மீண்டும் படையோடு வந்த பேரரசர் அந்த வைக்கோல் நகரத்தின் முன்னே மழையிலும் சேற்றிலும் ஆறு மாதம் கிடந்து, 1175 ஏப்ரலில் முற்றுகையைக் கைவிட்டார்.

உதவி கேட்டுத் தம் தாய்மாமன் மகன், சாக்சனிக்கும் பவேரியாவுக்கும் கோமகனான சிங்க ஹென்றியை 1176 தொடக்கத்தில் கியவென்னாவில் சந்தித்தார். பேரரசர் மண்டியிட்டுக் கெஞ்சியதாகப் பிற்கால நூல்கள் கூறுகின்றன. வெள்ளிச் சுரங்கம் உள்ள கோஸ்லார் நகரை விலையாகக் கேட்டார் ஹென்றி. ஃபிரெடரிக் தர மறுத்தார். மே 29 அன்று மிலானுக்கு வடமேற்கே லென்யானோவில் ஜெர்மன் குதிரைப்படை கூட்டணியின் குதிரைப்படையை விரட்டியது. ஆனால் கர்ரோச்சியோவைச் சுற்றி ஈட்டிகளை நீட்டி நின்ற மிலான் காலாட்படை அசையவில்லை. திரும்பி வந்த கூட்டணிக் குதிரைவீரர்கள் பக்கவாட்டில் தாக்க, பேரரசரின் கொடியைப் பிடித்தவர் விழுந்தார். பேரரசரும் குதிரையோடு விழுந்து மறைந்தார். பாவியாவில் பியாட்ரிஸ் துக்கம் காத்துக்கொண்டிருக்கையில், சில நாள் கழித்து உயிரோடு வந்து சேர்ந்தார். அன்று கர்ரோச்சியோவைக் காத்ததாகச் சொல்லப்படும் 'மரணப் படை'யும் அதன் தலைவர் ஜுஸ்ஸானோ நகரத்து ஆல்பர்ட்டோவும் பிற்காலக் கதாசிரியர்களின் படைப்பு; இன்றைக்கு லென்யானோவில் வாளுயர்த்தி நிற்கும் சிலை அவருடையது என்றே பலர் கருதுகிறார்கள்.

ஃபிரெடரிக் உலகை அறிந்தவர். எதிரிகளை ஒன்றுசேர்த்தது போப்பின் விவகாரம்தான் என்பதைப் புரிந்துகொண்டு, அதே ஆண்டு நவம்பரில் அனான்யியில் அலெக்சாண்டருடன் மட்டும் பேச்சைத் தொடங்கினார். நகரங்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் இரத்தத்தில் போப் தனியாகச் சமாதானம் வாங்குகிறார் என்று குமுறின. அது நியாயமான குமுறல். 1177 ஜூலை 24 அன்று வெனிஸின் லிடோ தீவில் கார்டினல்கள் பேரரசரைத் திருச்சபை விலக்கிலிருந்து விடுவித்தனர். வெனிஸின் ஆட்சித்தலைவரான டோஜ் செபஸ்தியானோ சியானி அவரைப் படகில் அழைத்துவந்தார். புனித மாற்கு ஆலய வாசலில் போப் அமர்ந்திருந்தார். ஃபிரெடரிக் தம் மேலாடையை நீக்கிவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அவர் பாதத்தில் முத்தமிட்டார். கண்ணீரோடு அலெக்சாண்டர் அவரைத் தூக்கி நிறுத்தி முத்தமிட்டார் என்று சிசிலித் தூதராக அங்கே நின்ற சலெர்னோ பேராயர் ரொமுவால்ட் எழுதுகிறார். மறுநாள் பூசை முடிந்து போப் குதிரையேறியபோது பேரரசர் அங்கவடியைப் பிடித்தார். போப் பேரரசரின் கழுத்தில் கால் வைத்தார் என்ற கதை பின்னால் கட்டியது. நேரில் பார்த்தவர்கள் யாரும் அப்படி எழுதவில்லை.

ஃபிரெடரிக் இழந்தது தோற்றத்தில் தெரிவதைவிடக் குறைவு. அலெக்சாண்டரை ஏற்றார், கலிக்ஸ்டஸைக் கைவிட்டார். ஆனால் பிளவுக் காலத்தில் தாம் அமர்த்திய கிறிஸ்டியனையும் கொலோனின் ஃபிலிப்பையும் போப்பே பதவியில் உறுதிசெய்தார். லொம்பார்டியோடு ஆறு ஆண்டும் சிசிலியோடு பதினைந்து ஆண்டும் போர்நிறுத்தம். நாடு திரும்பியதும் சிங்க ஹென்றியின் கணக்கைத் தீர்த்தார்: அவைக்கு வராத குற்றத்துக்காக 1180-இல் சாக்சனி துண்டாடப்பட்டது, பவேரியா பெசான்சோன் வாள்வீரர் ஓட்டோவுக்குப் போயிற்று. அவருடைய வம்சம் 1918 வரை அங்கே ஆண்டது.

அலெக்சாண்டர் 1179 மார்ச்சில் லாத்தரனில் ஏறத்தாழ முந்நூறு ஆயர்களைக் கூட்டினார். இனிமேல் போப் ஆக வேண்டுமானால் கார்டினல்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும், 'தகுதி மிக்க பகுதி' என்ற வாதம் செல்லாது என்று அம்மன்றம் விதித்தது. பதினெட்டு ஆண்டுப் பிளவிலிருந்து கிடைத்த உருப்படியான பலன் இதுவே. சிறு மாற்றங்களோடு இன்றும் அந்த விதிதான் நடக்கிறது. ஆனால் ரோம் மக்களை அவரால் வெல்ல முடியவில்லை. 1181 ஆகஸ்ட் 30 அன்று சிவிட்டா காஸ்டெல்லானாவில் இறந்தார். உடலை ரோமுக்குக் கொண்டுவந்தபோது மக்கள் கல்லெறிந்தனர்.

போர்நிறுத்தம் முடியும் தருவாயில், 1183 ஜூன் 25 அன்று கான்ஸ்டன்ஸில் லொம்பார்டி நகரங்களுடன் நிரந்தர உடன்படிக்கை ஏற்பட்டது. மதிலுக்குள் அரச உரிமைகள் நகரங்களுக்கே. கான்சல்களை அவர்களே தேர்ந்தெடுக்கலாம், மதில் கட்டலாம், கூட்டணியும் வைத்துக்கொள்ளலாம். பதினைந்து வயதிலிருந்து எழுபது வரை உள்ளவர்கள் பேரரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். இருபத்தைந்து பவுண்டுக்கு மேற்பட்ட வழக்குகளின் மேல்முறையீடு அவரிடம் வரும். ரொன்காலியாவில் எழுதிய பட்டியலில் மிஞ்சியது அவ்வளவே. போப்பும் பேரரசரும் மாறிமாறி வெற்றி கொண்டாடிய இந்தப் போராட்டத்தில் கையில் பொருளோடு வீடு திரும்பியவை இந்நகரங்கள்தான். அலெஸாண்ட்ரியாவுக்கு மட்டும் ஒரு நாடகம் ஆட வேண்டியிருந்தது: மக்கள் ஊரைவிட்டு வெளியே வந்து நிற்க, பேரரசரின் பிரதிநிதி அவர்களை மறுபடி உள்ளே அழைத்துச் சென்று, ஊருக்குச் சிசேரியா என்று புதுப்பெயர் சூட்டினார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை.

போப்பிடம் வெனிஸில் விட்டதை ஃபிரெடரிக் திருமணத்தின் மூலம் பிடித்தார். 1186 ஜனவரி 27 அன்று அவர் மகன் ஹென்றிக்கும் சிசிலி மன்னரின் அத்தை கான்ஸ்டன்ஸுக்கும் மிலானில் திருமணம் நடந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1190 ஜூன் 10 அன்று, சிலுவைப்போருக்குச் செல்லும் வழியில் ஆசியா மைனரின் சலேஃப் ஆற்றில் மூழ்கி ஃபிரெடரிக் இறந்தார். சிசிலி மன்னர் ஏற்கெனவே பிள்ளையின்றி இறந்திருந்தார். 1194 கிறிஸ்துமஸ் அன்று ஆறாம் ஹென்றி பலெர்மோவில் சிசிலியின் மன்னராக முடிசூடினார்; போப்பின் நிலங்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் இப்போது ஒரே ஆட்சியாளர்.